சிப்கோவுக்குப் பிறகு உத்தராகண்ட் காடுகளை யார் காக்கிறார்கள்?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று: "சிப்கோ இயக்கத்தைப் பள்ளியில் படித்தோம். பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்தார்கள், வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் அந்த மலையில் ஊர்மக்கள்தான் காட்டைக் காக்கிறார்களா?" இன்னொன்று: "அங்குள்ள பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியை வேறு மாதிரி நடத்தினார்களாமே, அது என்ன?"

சுருக்கமாகச் சொன்னால், காக்கிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. காடு நன்றாக இருக்கிற ஊர்களில் போய் விசாரித்தால் வீரக்கதை எதுவும் கிடைக்காது. புல் அறுக்க எந்தத் தேதியில் திறப்பது, வீட்டுக்கு எத்தனை சுமை, இந்த வாரம் யார் காவல், மீறினால் என்ன தண்டம் என்ற சலிப்பூட்டும் விவரங்கள்தான் கிடைக்கும். இவற்றை ஊரே உட்கார்ந்து முடிவு செய்கிற வரைக்கும் காடு நிற்கிறது. முடிவு ஊர் கையைவிட்டுப் போன இடங்களில், பணம் வந்தும் புகழ் வந்தும் தடுமாறியிருக்கிறது.

இது புரிய வேண்டுமென்றால் முதலில் இரண்டு மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மலையில் ஏறக்குறைய 1,000 முதல் 2,000 மீட்டர் உயரம் வரை இரண்டு மரங்கள்தான் பெரும்பாலும் கண்ணில் படும். ஒன்று பாஞ்ச், ஓக் இனத்தைச் சேர்ந்தது. இன்னொன்று சிர் பைன். வெளியூர்க்காரனுக்கு இரண்டும் பச்சைதான். அங்குள்ள பெண்ணுக்கு அப்படியில்லை. பாஞ்ச் இலையை மாடு தின்னும். உதிர்ந்த சருகைத் தொழுவத்தில் பரப்பினால் சாணியோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து எருவாகி வயலுக்குப் போகும். விறகு நின்று எரியும். மரத்தடி மண் பஞ்சு போல ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதால், கீழே இருக்கிற ஊற்று கோடையிலும் ஓடும். பைன் இலையை மாடு சீண்டாது. ஊசி ஊசியாக உதிர்ந்து சரிவு முழுக்க மெத்தை போட்டுவிடும். பிரூல் என்று அங்கே சொல்வார்கள். அதில் கால் வைத்தால் வழுக்கும், தீப்பொறி பட்டால் சரசரவென்று பற்றிக்கொள்ளும். ஆனால் பைனில் பிசின் வடிக்கலாம், டர்பன்டைன் காய்ச்சலாம், ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை அறுக்கலாம். ஆங்கிலேய அரசுக்கு எந்த மரம் பிடித்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1911 முதல் 1917 வரை, இன்றைய உத்தராகண்டின் கிழக்குப் பாதியான குமாவுனில் பெரும்பரப்பைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். ஊர்க்காரன் தாத்தா காலத்திலிருந்து மாடு மேய்த்த சரிவில் காலை வைத்தால் குற்றம் என்றாயிற்று. கோடையில் புல் தளிர்ப்பதற்காக வைக்கிற தீயும் குற்றம். 1921 கோடையில் மலை எரிந்தது. பைன் காடுகளாகப் பார்த்து ஊர்மக்களே தீ வைத்தார்கள். அரசு மிரண்டுபோய்க் குறை கேட்கும் குழு ஒன்றை அமைத்தது. வணிக மதிப்பு குறைந்த காடுகளை வனத்துறையிடமிருந்து எடுத்து வருவாய்த்துறையிடம் கொடுத்தது. அந்த வழியில் கடைசியாக 1931-ல் வந்ததுதான் வன பஞ்சாயத்து விதிகள். ஆக, இந்தியாவின் பழைய சட்டபூர்வமான ஊர்க்காட்டு ஏற்பாடுகளில் ஒன்று அரசின் பெருந்தன்மையால் பிறந்ததில்லை. பயத்தில் பிறந்தது.

இன்றைக்கு உத்தராகண்டில் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. ஊருக்கு எல்லை வகுத்த ஒரு காடு. ஊர் தேர்ந்தெடுக்கிற பஞ்சர்கள், அதாவது உறுப்பினர்கள். அவர்களுக்குத் தலைவராக ஒரு சர்பஞ்ச். உயிரோடு இருக்கிற பஞ்சாயத்துகளில் ஆண்டில் பெரும்பகுதி காட்டின் ஒரு பகுதி மூடியே இருக்கும். மழைக்காலம் முடிந்து புல் முற்றியதும் இத்தனை நாள் என்று சொல்லித் திறப்பார்கள். வீட்டுக்கு ஒருவர்தான் போக வேண்டும், இத்தனை சுமைதான் எடுக்க வேண்டும். மூடிய நாளில் யாராவது உள்ளே போய்ப் பச்சைக் கிளையை வெட்டி மாட்டிக்கொண்டால் காவலர் முதலில் பிடுங்குவது அரிவாளை. தண்டம் கட்டினால்தான் அது திரும்பக் கிடைக்கும். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். நாளைக்குக் காலையில் மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டிய வீட்டில் அரிவாள் போவதென்பது, அபராத ரசீதைவிடச் சுள்ளென்று உறைக்கிற தண்டனை.

இதெல்லாம் காட்டுக்கு உதவுகிறதா, வெறும் சடங்கா என்று கேட்கலாம். இ. சோமநாதனும் வேறு இரு ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களை வைத்து அரசுக் காடுகளையும் வன பஞ்சாயத்துக் காடுகளையும் ஒப்பிட்டு, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேலே கிளையும் இலையும் சேர்ந்து மூடுகிற மரக் கவிகையின் அடர்த்தியில் ஊர்க்காடு அரசுக் காட்டுக்குச் சளைத்ததாக இல்லை. ஆனால் ஒரே அளவு பரப்பைப் பராமரிக்க அரசுக்கு ஆகிற செலவு குறைந்தது ஏழு மடங்கு. காடு மேம்பாட்டுத் திட்டம் தீட்டுகிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது. பார்ப்பதாகத் தெரியவில்லை.

சிப்கோவைப் பற்றி நீங்கள் படித்ததை நீட்டப் போவதில்லை. அதற்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், பாடத்தில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1970 ஜூலையில் அலக்நந்தாவில் பெருவெள்ளம் வந்தது. சிப்கோவின் முன்னோடிகளில் ஒருவரான சண்டி பிரசாத் பட் 1964-ல் கோபேஷ்வரில் தொடங்கியிருந்த தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்துக்காரர்கள் நிவாரணத்துக்குப் போனார்கள். மேலே காடு வெட்டப்பட்ட இடங்களுக்கும் கீழே சேதமான ஊர்களுக்கும் இருந்த தொடர்பு அவர்கள் கண்ணில் பட்டது. 1973-ல் நுகத்தடி செய்வதற்காக இதே சங்கம் கேட்ட, 'அங்கு' என்று அழைக்கப்படும் ஆஷ் இன மரங்கள் சிலவற்றைக் கிடையாது என்று சொல்லிவிட்டு, விளையாட்டுப் பொருள் செய்கிற அலகாபாத் நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். மண்டல் காட்டில் போராட்டம் அங்கிருந்துதான் ஆரம்பம். 1974 மார்ச் 26-ல் ரைணி என்ற ஊரில் கௌரா தேவி 27 பெண்களோடு காட்டுக்குப் போய் நின்றபோது ஊரில் ஆண்கள் இல்லை. ராணுவத்துக்கு எடுத்த நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று அன்றைக்குப் பார்த்து அவர்களைச் சமோலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ரைணியைவிட முக்கியமாகப் படுவது 1980-ல் டூங்ரி பைந்தோலி என்ற ஊரில் நடந்தது. அங்கே எதிரி ஒப்பந்தக்காரர் இல்லை. ஊரின் பாஞ்ச் காட்டைத் தோட்டக்கலைத் துறைக்கு உருளைக்கிழங்குப் பண்ணை போடக் கொடுத்துவிடலாம் என்று ஊர் ஆண்களே ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்குச் சாலை வரும், மருத்துவமனை வரும், பள்ளி வரும் என்று பேச்சு. பெண்கள் முடியாது என்றார்கள். காடு போனால் விறகுக்கும் புல்லுக்கும் இன்னும் எத்தனையோ கிலோமீட்டர் நடக்கப் போவது அவர்கள்தான். சொந்த வீட்டு ஆண்களின் கோபத்தையும் மீறி நின்று காட்டைக் காப்பாற்றினார்கள். பிறகுதான் அந்தப் பக்கத்தில், சுமை தூக்குகிறவள் இல்லாத கூட்டத்தில் காட்டைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற பேச்சு வலுத்தது. மகிளா மங்கள் தளங்கள் என்ற பெண்கள் குழுக்கள் பல ஊர்களில் காட்டுக் காவலைக் கையில் எடுத்தன. சண்டி பிரசாத் பட்டின் சங்கமும் போராட்டத்தோடு நிற்காமல், ஊர் ஊராக முகாம் போட்டு மரம் நடவும், நட்டதைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும் இறங்கியது. முகாமில் கல்லூரி மாணவர்கள், ஊர்ப் பெண்கள், சில சமயம் வன அதிகாரிகள்கூட ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகக் கல் சுமந்தார்கள்.

அப்படிப்பட்ட சூழலில் கோபேஷ்வர் கல்லூரியில் படித்த ஒருவர் சச்சிதானந்த் பாரதி. படிப்பு முடிந்து பவுரி மாவட்டத்தில் தன் ஊர்ப்பக்கமான உஃப்ரைங்காலுக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியரானார். தூதாதோலி மலையில் மரம் வெட்டும் திட்டம் ஒன்றை ஊர்களைத் திரட்டி நிறுத்தினார். அடுத்து நாற்றங்கால் போட்டார், வால்நட் கன்று விற்ற காசில் முகாம் நடத்தினார். நட்ட கன்றுகள் கோடையில் காய்ந்துபோனபோதுதான் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். மலைமுகட்டில் மழைநீர் தேங்குவதற்குப் பள்ளம் வெட்டுவது அந்த ஊர்களின் பழைய வழக்கம். சால், கால் என்பார்கள். அந்தப் பகுதியில் பல ஊர்களின் பெயர் 'கால்' என்று முடிவது இதனால்தான். வழக்கம் மறைந்து பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. பெரிய குளம் வெட்டப் பணமும் இல்லை, சரிவு தாங்கவும் தாங்காது. அதனால் மரங்களுக்கு நடுவே சின்னச் சின்னப் பள்ளங்கள், ஆயிரக்கணக்கில். சில ஆண்டுகளில், சூகாரௌலா, அதாவது வறண்ட ஓடை என்று பெயர் வாங்கியிருந்த ஓடையில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. பெயரையும் காட்கங்கா என்று மாற்றிவிட்டார்கள்.

அங்கே காவல் நடக்கிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உச்சியில் சலங்கை கட்டிய ஒரு கம்பு. இன்றைக்குக் காவல் போகிற பெண் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறாள். ஊன்ற ஊன்ற ஜல்ஜல் என்று சத்தம். சரிவில் எங்கோ இருக்கிற மற்றப் பெண்களுக்குக் காவல் வந்திருப்பது தெரியும், திருட்டுத்தனமாக வெட்ட வந்தவருக்கும் தெரியும். சாயங்காலம் வீடு திரும்பும்போது கம்பைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பக்கத்து வீட்டு வாசலில் சாய்த்துவிட்டுப் போய்விடுவாள். காலையில் எழுந்து வாசலில் கம்பைப் பார்க்கிற வீட்டுக்கு அன்றைக்கு முறை. பதிவேடு இல்லை, சம்பளம் இல்லை, கூட்டம் போட்டு முறை ஒதுக்குகிற வேலையும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிய வேலை இது.

மரம் நட்டால்தான் காடு வரும் என்பதும் இல்லை. தேரி மாவட்டத்து ஜர்தார்காவ் 1980-ல் வனப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்து, மொட்டையாகிக் கிடந்த சரிவைச் சும்மா மூடி வைத்தது. மேய்ச்சல் நின்றது, வெட்டு நின்றது. மண்ணுக்குள் உயிரோடு இருந்த பாஞ்ச் அடிக்கட்டைகள் தாமே துளிர்த்தன. காவலாளிக்குக் கூலி வீட்டுக்கு வீடு தானியமாகவும் காசாகவும் போனது. இன்றைக்கு அங்கே அடர்ந்த காடு. ஒரு கன்றுகூட நடாமல் காடு வரும்போது, ஆண்டுதோறும் லட்சம் கன்று, கோடி கன்று என்று அறிவிக்கிற விழாக்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அல்மோராவில் உத்தராகண்ட் சேவா நிதி என்ற அமைப்பு இருக்கிறது. 1987-ல் மத்திய அரசின் கல்வித்துறை, மலை மாவட்டங்களில் சுற்றுச்சூழல் கல்வியை நடத்தும் பொறுப்பை அதனிடம் கொடுத்தது. அதை வழிநடத்திய லலித் பாண்டேவுக்கு 2007-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் உருவாக்கிய பாடத்தின் பெயர் 'நம் நிலம், நம் வாழ்வு'. 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கானது. உத்தராகண்ட் தனி மாநிலமான பிறகு மலைப்பகுதிப் பள்ளிகளில் தனிப் பாடமாகவே வைத்தார்கள்.

மற்ற இடங்களில் சுற்றுச்சூழல் பாடம் என்றால் ஓசோன் படலம், பாண்டா கரடி, ஜூன் 5-க்கு ஓவியப் போட்டி. இந்தப் புத்தகத்தின் களம் மாணவியின் சொந்த ஊர். உன் வீட்டில் எத்தனை மாடு, நாளைக்கு எவ்வளவு தீவனம், அதில் எவ்வளவு வயலிலிருந்து, எவ்வளவு காட்டிலிருந்து? விறகு எத்தனை கிலோ? தராசோ நிறைகோலோ எடுத்துக்கொண்டு போய் நிறுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வகுப்பில் எல்லாருடைய கணக்கையும் கூட்ட வேண்டும். ஒரு பேச்சுக்கு, வீட்டுக்கு நாளொன்றுக்கு 10 கிலோ விறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 வீட்டுக்கு அரை டன், ஆண்டுக்கு 180 டன்னுக்கும் மேல். இந்தக் காடு ஆண்டுக்கு அவ்வளவு விறகு தருமா? தராதென்றால் மீதி எங்கிருந்து வருகிறது? 13 வயதுப் பெண் தானே போட்ட கணக்கில் தன் ஊர்க்காடு வட்டியை விட்டு முதலைத் தின்று கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். 'காடுகளைக் காப்போம்' என்று கரும்பலகையில் எழுதிப் போடத் தேவையே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நிறுக்கப் போன பிள்ளைகள் அம்மாவையும் பாட்டியையும்தான் கேட்க வேண்டியிருந்தது. எந்த இலை பால் மாட்டுக்கு நல்லது, எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்பதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் இருந்த அறிவு. அது பள்ளி நோட்டில் ஏறியது. இந்த அமைப்பு பெண்கள் குழுக்களோடும் பால்வாடிகளோடும் சேர்ந்து வேலை செய்ததால், வகுப்பில் போட்ட கணக்கு ஊர்க்கூட்டத்துக்குப் போக ஒரு வழியும் இருந்தது. அந்த வழி இல்லாத பள்ளியில் இதே புத்தகம் இன்னொரு பாடப்புத்தகம்தான். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிற ஆசிரியரும், செய்கிற மாணவரும் அங்கேயும் உண்டு.

மைதி இயக்கத்தையும் பலர் கேட்பார்கள். 1995-ல் குவால்தமில் உயிரியல் ஆசிரியராக இருந்த கல்யாண் சிங் ராவத் தொடங்கியது. திருமணத்தில் மணமக்கள் பெண்ணின் பிறந்த வீட்டுப் பக்கம் ஒரு கன்று நட வேண்டும், பெண்ணின் தாயும் தோழிகளும் அதை வளர்ப்பார்கள், மாப்பிள்ளை தோழிகளின் நிதிக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு அந்த மரத்தைக் காய விடாது என்ற எளிய மனக்கணக்கு. அழகான யோசனை, பரவலாகப் பிடித்தும் கொண்டது. ஆனால் அது மரம் வளர்ப்பு. காட்டு நிர்வாகம் வேறு.

இனி கசப்பான பக்கம். ரைணிக்கு மேலே இருக்கிற நந்தா தேவி பகுதியை 1982-ல் தேசியப் பூங்காவாக்கி மூடினார்கள். மலையேறுபவர்களுக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பிழைத்தவர்கள், உயரத்துப் புல்வெளியில் ஆடு மேய்த்தவர்கள், மூலிகை எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே உத்தரவில் வெளியே. அதாவது, காட்டைக் காப்பாற்றிய ஊர்களுக்கே அந்தக் காட்டில் உரிமை போயிற்று. 1998-ல் லாதா ஊர் மக்கள் உரிமையைப் பறித்தெடுப்போம் என்று கிளம்பினார்கள். சிப்கோ பூமியிலிருந்தே இப்படியொரு குரல் வந்ததைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அதற்கும் முன்னால், 1980-களின் கடைசியில், வனச் சட்டத்தைக் காட்டிச் சாலையையும் குடிநீர்க் குழாயையும் தடுக்கிறார்கள் என்ற கோபத்தில் மரம் வெட்டும் போராட்டமே நடந்தது.

வன பஞ்சாயத்து விதிகளையும் பலமுறை திருத்தி, 2001-லும் 2005-லும் வனத்துறையின் பிடியை இறுக்கினார்கள். 1990-களின் கடைசியில் உலக வங்கிக் கடனில், வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைப் பார்க்கிற கூட்டு வன மேலாண்மை வந்தது. பெண்கள் முறை வைத்துக் கூலியில்லாமல் காத்த சில காடுகளில் சம்பளத்துக்கு ஆண் காவலாளி வந்தார். திட்டப் பணம் இருக்கிற வரை அவர் இருந்தார். பணம் தீர்ந்தபோது பெண்களின் பழைய முறையும் கலைந்திருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. ஆனால் இதைவிடத் திறமையாக ஓர் ஊர் ஏற்பாட்டைக் கெடுக்க முடியாது.

2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்காவில் வந்த வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ரைணிக்குக் கீழேயே இருந்த நீர்மின் திட்டம் அடித்துக்கொண்டு போனது. அதில் வெடி வைப்பதை எதிர்த்து 2019-லேயே ரைணிக்காரர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் போட்ட இன்னொரு மனுவை நீதிமன்றம் அபராதத்தோடு தள்ளுபடி செய்தது. ஊரே குடியிருக்கத் தகுதியற்றது என்றாகி, கௌரா தேவியின் சிலையையும் அங்கிருந்து எடுத்துப் போக வேண்டியிருந்தது. காட்டைக் காக்கத் தெரிந்த ஊருக்கு ஆற்றின் மேல் எந்த அதிகாரமும் இல்லை என்பதுதான் நிலைமை.

ஊர்களும் காலியாகின்றன. 2011 கணக்கெடுப்பில் அல்மோரா, பவுரி இரண்டு மாவட்டங்களிலும் மக்கள்தொகையே குறைந்திருந்தது. சமையல் எரிவாயு வந்து விறகுத் தேவை குறைந்தது நல்லதுதான். ஆனால் மாடு குறைந்தால் புல் அறுப்பு குறைகிறது. காட்டுக்குப் போகிற கால்கள் குறைந்தால் தீயை முதலில் பார்க்கிற கண்களும் குறைகின்றன. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத் தீயில் வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு பிரூலை, அதாவது உதிர்ந்த பைன் ஊசிகளை, கிலோவுக்கு 50 ரூபாய் கொடுத்து வாங்குவதாக அரசு அறிவிக்க வேண்டியிருந்தது.

இந்த நிலைமையிலும் அல்மோரா பக்கம் சீதலாகேத்தில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்யாஹி தேவி காட்டைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்து அதைக் காத்து வருகிறார்கள். வயல் ஓரத்துப் புதரையும் குப்பையையும் குவித்து எரிப்பது பழைய வழக்கம். அதிலிருந்து பறக்கிற பொறியில்தான் பல காட்டுத்தீ தொடங்குகிறது. எரிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. காடு காய்வதற்கு முன்னால், மார்ச்சுக்குள் எரித்து முடித்துவிடு என்று நாள் குறித்தார்கள். ஏப்ரல் 1-ஐ அதற்கான நாளாகவே வைத்துவிட்டார்கள். அதேபோல், ஏர் செய்யப் பாஞ்ச் மரத்தை வெட்டாமலிருக்க, அல்மோராவின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த இரும்பு ஏரைப் பரப்பினார்கள். அதற்குப் பெயரே ஸ்யாஹி ஏர்.

நேரில் போய்ப் பார்க்க நினைத்தால் மண்டல், கோபேஷ்வரிலிருந்து சோப்தா போகிற சாலையில்தான் இருக்கிறது, எளிதில் போகலாம். உஃப்ரைங்காலுக்கும் சீதலாகேத்துக்கும் உள்ளூர்க்காரர் யாரையாவது பிடித்துக்கொண்டு போவது நல்லது. மே, ஜூன் தீக்காலம், தவிர்த்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் போனால் புல் அறுவடையைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் அந்த நாட்களில் பெண்கள் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. அவர்களிடம் விதிகளைப் பற்றி விவரமாகக் கேட்க வேண்டுமென்றால் டிசம்பரில் கம்பளியோடு போங்கள்.